நுரையீரலைத் தாண்டிப் பரவிய எம்டிஆர் காசநோய்: ஒருவருக்கு 6 மாதம், இன்னொருவருக்கு 18 மாதம், ஏன்?

#1 தெம்பனிஸ் கதிர்

வணக்கம். காசநோயாளிகளின் குடும்பங்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்லும் தொண்டூழியர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. பல மருந்துகளுக்கு அடங்காத டிபிக்கு (அதைத்தான் எம்டிஆர் என்கிறார்கள்) ஆறு மாத மாத்திரை வந்துவிட்டது என்று குடும்பத்தினர் படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு மருத்துவர் 18 மாதம் என்கிறார். கழுத்தில் நெறி கட்டியவருக்கு 6 மாதம் போதும் என்கிறார். இருவருக்கும் ஒரே கிருமி, இருவரிடமும் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் வேலை செய்யவில்லை. எதை வைத்து இந்த வித்தியாசம்? சளியே இல்லாத நோயில், குணமாகிவிட்டது என்று எப்படிச் சொல்கிறார்கள்? மருந்து பெயர், அளவு எல்லாம் சேர்த்து எழுதினால் நல்லது. மேலோட்டமான பதில்கள் ஏற்கெனவே நிறைய கிடைத்துவிட்டன.

#2 நெறிகட்டி

கதிர், கிருமி ஒன்றுதான். அது எங்கே குடியிருக்கிறது என்பதுதான் கணக்கை மாற்றுகிறது.

நீங்கள் சொல்லும் ஆறு மாத மாத்திரைத் தொகுப்பில் நான்கு மருந்துகள்: பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின். உலகச் சுகாதார நிறுவனம் 2022ல் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. அப்போதே மூன்று வகைகளை விலக்கி வைத்தது: மூளையும் மூளை உறையும், எலும்பும் மூட்டும், உடல் முழுக்கத் தூவினாற்போல் பரவும் மிலியரி வகை. நிணநீர்க் கட்டியும் நுரையீரல் உறையில் நீர் கோத்த நோயும் விலக்கப்படவில்லை. கழுத்துக் கட்டிக்கு 6 மாதம் கிடைப்பது அதனால்தான்.

குடும்பத்தினருக்கு இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். எலும்பில் இந்த மருந்துகள் தோற்றுவிட்டன என்று யாரும் நிரூபிக்கவில்லை. அந்தத் தொகுப்பைச் சோதித்த ஆய்வுகளில் எலும்பு, மூளை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. ஆதாரம் இல்லாத இடத்தில், நடக்கும் காலைப் பணயம் வைத்துச் சோதிக்க முடியாது. அதனால் 18 முதல் 20 மாதம் வரையிலான நீண்ட சிகிச்சை. அதன் அடிப்படை மூன்று மருந்துகள்: லெவோஃப்ளாக்சசின் அல்லது மாக்சிஃப்ளாக்சசின், பெடாகுவிலின், லினெசோலிட். அவற்றோடு குளோஃபாசிமின், சைக்ளோசெரின் இரண்டில் ஒன்றாவது சேரும். தொடக்கத்தில் கிருமியைக் கொல்லக்கூடிய மருந்துகள் குறைந்தது நான்கு இருக்கவேண்டும். பெடாகுவிலினை நிறுத்திய பிறகும் குறைந்தது மூன்று மிஞ்சவேண்டும்.

#3 ஆய்வக மேசை

டாக்டர் நெறிகட்டி மருந்திலிருந்து தொடங்கிவிட்டார். அதற்கு முன் ஒரு படி இருக்கிறது, பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

நுரையீரல் டிபியில் இன்று சளி சரியாக வரவில்லை என்றால் நாளை மறுபடி கேட்கலாம். முதுகெலும்பிலிருந்து சதை எடுக்க ஒரு வாய்ப்புதான், மிஞ்சினால் இரண்டு. அந்த ஒரே துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். நோய்க்கூறு நிபுணர் 'கிரானுலோமா (அழற்சி அணுக்களின் திரள்) தெரிகிறது, காசநோயாக இருக்கலாம்' என்று எழுதுவார். எந்த மருந்து வேலை செய்யும் என்று எவராலும் சொல்ல முடியாது. எடுத்த துண்டில் ஒரு பாதி ஃபார்மலினுக்கு, மறு பாதி கிருமி நீக்கிய சாதாரண உப்புநீரில் நுண்ணுயிர் ஆய்வகத்துக்கு. இதை அறுவைக் கூடத்துக்குள் போகும் முன்பே படிவத்தில் எழுதி, உள்ளே இருக்கும் செவிலியரிடமும் வாயால் சொல்லிவிடவேண்டும்.

சீழ் என்றால் ஊசியில் உறிஞ்சி மில்லிலிட்டர் கணக்கில் அனுப்புங்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பினால் கிருமி பஞ்சிலேயே தங்கிவிடும். தண்டுவட நீர் குறைந்தது 6 மி.லி., முடிந்தால் 10. அதைச் சுழற்றி, அடியில் படிவதைத்தான் சோதிக்கிறோம். 1 மி.லி. அனுப்பிவிட்டு 'இல்லை' என்று வந்த முடிவை நம்பக்கூடாது.

இன்னொன்று. முதுகுவலியும் காய்ச்சலும் என்று வருபவருக்குச் சாதாரணக் கிருமியாக இருக்கும் என்று லெவோஃப்ளாக்சசினோ லினெசோலிடோ தொடங்கிவிடுகிறார்கள். இரண்டும் டிபி கிருமியைப் பாதி அடக்கும். வளர்ப்புச் சோதனையில் கிருமி வராமல் போகும், தனியாகக் கொடுத்த அந்த மருந்துக்கே எதிர்ப்பும் முளைக்கலாம். நோயாளி நிலையாக இருந்தால் முதலில் சதை, பிறகு மருந்து.

#4 தெம்பனிஸ் கதிர்

ஆய்வக மேசை, நன்றி. முழுத் துண்டும் ஃபார்மலினில் போய்விட்டால் அப்புறம் என்ன வழி? 'மறுபடியும் ஊசியா' என்று குடும்பத்தினர் கலங்கிப்போகிறார்கள். கிருமியையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் விரைவாகப் பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட் மரபணுச் சோதனை அறிக்கையில் 'டிரேஸ்' என்று வருவதும் பலருக்குப் புரிவதில்லை.

#5 ஆய்வக மேசை

ஃபார்மலினில் போன சதையைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியிலிருந்து மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம். ஃபார்மலின் மரபணுவைத் துண்டு துண்டாக்கிவிடும் என்பதால் கிருமி இருந்தும் தெரியாமல் போவது உண்டு. எதிர்ப்பு இருக்கலாம் என்று சந்தேகம் வந்துவிட்டால் மறு ஊசிதான் சரி. தவறான மருந்தில் ஓராண்டு போவதோடு ஒப்பிட்டால் அரை மணி நேர ஊசி சின்ன விஷயம் என்று சொல்லுங்கள்.

'டிரேஸ்' என்றால் கிருமியின் சுவடு இருக்கிறது, ஆனால் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சொல்லும் அளவுக்கு இல்லை. தண்டுவட நீரிலோ சதையிலோ டிரேஸ் வந்தால் அதைக் காசநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு இல்லை என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

எதிர்த் திசையிலும் பிழை வரும். கிருமி 'மிகக் குறைவு' என்றும் அதனோடு 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு' என்றும் வந்தால், வேறொரு மாதிரியில் மறுபடி பாருங்கள். கிருமி குறைவாக இருக்கும்போது பொய்யான எதிர்ப்பு காட்டுவது தெரிந்த பிரச்சினை. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். தொடங்கிவிட்டு உறுதி செய்யலாம்.

அடுத்தது ஐசோனியாசிட், ஃப்ளோரோகுவினோலோன் (லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகை), எத்தியோனமைடு, அமிக்கசின் நான்குக்கும் எதிர்ப்பு பார்க்கும் இரண்டாவது ஜீன்எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜ். அதற்கு முதல் சோதனையைவிடக் கிருமி அதிகம் வேண்டும். டிரேஸ் மாதிரியில் அது பெரும்பாலும் பதில் தராது. பிறகு திரவ வளர்ப்பு, 6 வாரம் வரை. வளர்ந்தபின் மருந்துச் சோதனைக்கு மேலும் சில வாரங்கள். பெடாகுவிலின், லினெசோலிட் இரண்டுக்கும் சோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்கவேண்டும், கேட்காவிட்டால் விடுபட்டுப்போகலாம். இங்கே அந்த வேலை சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் மத்தியக் காசநோய் ஆய்வகத்துக்குப் போகிறது.

எதுவுமே வளரவில்லை என்றால் கேட்கவேண்டிய கேள்வி: இவருக்கு யாரிடமிருந்து வந்திருக்கும்? 2016ல் ஆங் மோ கியோ அவென்யூ 3, புளோக் 203ல் 4 வீடுகளைச் சேர்ந்த 6 பேருக்கு எம்டிஆர் காசநோய் இருந்ததைச் சுகாதார அமைச்சு அறிவித்தது நினைவிருக்கும். அவர்கள் 2012க்கும் 2016க்கும் இடையில் வெவ்வேறு சமயங்களில் கண்டறியப்பட்டவர்கள். ஒருவருடைய மருந்துச் சோதனை முடிவு, நாலு வருடம் கழித்து இன்னொருவருக்கு வழிகாட்டலாம். வீட்டில், வேலையிடத்தில், ஊரில் யாருக்காவது டிபி இருந்ததா, அவருக்கு எந்த மருந்து கேட்டது என்பதை ஒரு வரியாவது கோப்பில் எழுதிவையுங்கள்.

#6 மாத்திரைக் கணக்கு

மருந்தகப் பக்கத்திலிருந்து. மருந்து கிருமியைக் கொல்லுமா என்பது ஆய்வகக் கேள்வி. அந்த இடத்துக்குப் போய்ச் சேருமா என்பது எங்கள் கேள்வி.

மூளை உறைக்குள் நன்றாக நுழைபவை லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், லினெசோலிட், சைக்ளோசெரின், எத்தியோனமைடு, பைராசினமைடு. எதாம்பியூட்டாலும் பாஸும் (பாரா அமினோசாலிசிலிக் அமிலம்) மோசம். அமிக்கசின் உறை வீங்கியிருக்கும் தொடக்க நாட்களில் கொஞ்சம் போகும், வீக்கம் வடிந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். பெடாகுவிலின் இரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டே சுற்றுவதால் தண்டுவட நீரில் மிகக் குறைந்த அளவே தெரிகிறது. அதைச் சேர்க்கலாம், ஆனால் மூளைக்கான நான்கில் ஒன்றாக எண்ணாதீர்கள்.

எலும்பில் லினெசோலிடும் குவினோலோன்களும் நம்பகமானவை. குளோஃபாசிமின் கொழுப்பிலும் தோலிலும் குவியும், எலும்புக்கு அதை முதன்மையாக நம்பமுடியாது.

ஐசோனியாசிடை ஒரேயடியாகத் தூக்கிப் போடுவதற்கு முன் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பாருங்கள். 'ஐஎன்எச்ஏ' மாற்றம் மட்டும் என்றால் எதிர்ப்பு பொதுவாகக் குறைந்த அளவுதான், கூடுதல் அளவு ஐசோனியாசிட் பயன்படலாம். ஆனால் அதே மாற்றம் எத்தியோனமைடைக் கெடுத்துவிடும். 'கேட்ஜி' மாற்றம் என்றால் ஐசோனியாசிடுக்கு எதிர்ப்பு வலுவாக இருக்கும், எத்தியோனமைடு பிழைத்திருக்கலாம். மூளைக் காசநோயில் இந்த ஒரு வரித் தகவலுக்கு விலை அதிகம். இரண்டுமே உள்ளே நுழையக்கூடியவை, மாற்று மருந்துகளோ விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

#7 ஜூரோங் வாசகன்

அப்படியானால் எலும்பு நோய்க்குப் பழையபடி ஊசி மருந்து சேர்த்தால் வேகமாகக் கேட்காதா? ஊரில் கேனமைசின் போட்டு நடந்தவர்கள் உண்டே.

#8 நெறிகட்டி

கேனமைசினையும் கேப்ரியோமைசினையும் உலகச் சுகாதார நிறுவனமே கைவிட்டுவிட்டது. அவற்றைப் போட்டவர்களுக்குப் பலன் கூடவில்லை, காது மட்டும் போனது. கேட்காமல் போன காது திரும்பாது. அமிக்கசின் இன்னும் பட்டியலில் இருக்கிறது. கிருமி அதற்கு அடங்கும் என்று சோதனையில் தெரிந்து, செவித்திறனையும் முறையாகப் பார்த்துக்கொண்டே வர முடிந்தால், வேறு வழி இல்லாதபோது.

மூளை உறைக் காசநோய்க்குத் தனியாகச் சில வார்த்தை, ஏனென்றால் அங்கே ஒரு வாரத் தாமதம் உயிரைக் கேட்கும். எதிர்ப்பு உறுதியாகும் வரை காத்திருக்காதீர்கள். எம்டிஆர் நோயாளியோடு பழகியவர், முன்பு பாதியில் சிகிச்சையை விட்டவர், வழக்கமான மருந்தில் மோசமாகிக்கொண்டே வருபவர் என்றால் அன்றைக்கே நுழையக்கூடிய மருந்துகளைத் தொடங்குங்கள். மாத்திரை விழுங்க முடியாத நிலையில் மெரோபெனம் இரத்தக்குழாய் வழியாகக் கைகொடுக்கும். அதற்குக் கிளாவுலானிக் அமிலம் துணை வேண்டும். அது அமாக்சிசிலினோடு சேர்ந்த மாத்திரையாகவே கிடைப்பதால் மூக்குக் குழாய் வழியாக ஒவ்வொரு வேளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். வலிப்புக்கு வால்புரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் கொடுத்தால் வால்புரோயேட் அளவு சடாரென்று விழுந்து வலிப்பு திரும்பும். லெவெடிராசெட்டமுக்கு மாற்றிவிட்டே தொடங்குங்கள்.

ஸ்டீராய்டு மூளை உறை நோய்க்கு உண்டு. எச்ஐவி இல்லாத பெரியவர்களிடம் டெக்சாமெதசோன் இறப்பைக் குறைத்தது என்று 2004ல் வியட்நாமில் நடந்த ஆய்வு காட்டியது. மயக்கமோ கைகால் பலவீனமோ இருந்தால் நாளுக்கு எடைக் கிலோவுக்கு 0.4 மி.கி., தெளிவாக இருப்பவருக்கு 0.3. பிறகு 6 முதல் 8 வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது. ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டை வேகமாகக் கரைத்துவிடும். எம்டிஆரில் ரிஃபாம்பிசின் இல்லை, அதனால் அதே அளவு ஸ்டீராய்டு உடலில் கூடுதலாக நிற்கும். சர்க்கரையை இன்னும் நெருக்கமாகப் பாருங்கள். முதுகெலும்பு நோய்க்கு வழக்கமாக ஸ்டீராய்டு இல்லை.

#9 மாத்திரைக் கணக்கு

லினெசோலிட் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். எலும்பிலும் மூளையிலும் அதுதான் நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம், பாதியில் கீழே போடவைப்பதும் அதன் பக்கவிளைவுதான்.

நாளுக்கு 600 மி.கி. இரத்தச் சோகையும் தட்டணு குறைவும் முதல் சில வாரங்களிலேயே வரலாம். இரத்தப் பரிசோதனை இரண்டாம் வாரம், பிறகு மாதந்தோறும். பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போவதும் பொதுவாகச் சில மாதங்கள் கழித்து. கண் நரம்பு பாதிப்பு மெதுவாக வரும், சிவப்பும் பச்சையும் மங்குவது முதல் அடையாளம். ஆரம்பத்தில் பிடித்தால் அளவைக் குறைத்தோ நிறுத்தியோ பார்வையைக் காப்பாற்றலாம். கால் மரத்துவிட்டால் பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. பைரிடாக்சின் (வைட்டமின் பி6) கொடுப்பது சைக்ளோசெரினுக்காக. அது லினெசோலிட் எரிச்சலைத் தடுக்கும் என்று நம்பி உட்காரவேண்டாம்.

முதுகெலும்பு நோயாளிக்கு வலி கடுமையாக இருக்கும், வேறொரு கிளினிக்கில் டிரமடால் எழுதிவிடுவார்கள். லினெசோலிடும் டிரமடாலும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் அமிட்ரிப்டிலினும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் சேர்ந்த இருமல் மருந்தும் அதே கணக்கு. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். வலிக்குப் பாராசிட்டமால், நரம்பு எரிச்சலுக்கு காபாபென்டின் வகை என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சாப்பாடு. நொதித்தும் நாள்பட வைத்தும் செய்பவற்றில் டைரமின் அதிகம்: பெலாச்சான், தௌச்சியோ, சோயா சாஸ், தாப்பே, கருவாடு, பழைய சீஸ், பீர். உணவங்காடியில் சாப்பிடவே கூடாது என்பதில்லை, ஒரே வேளையில் இவற்றைக் குவிக்கக்கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள் கவனம். லினெசோலிடும் குவினோலோனும் சர்க்கரையை எதிர்பாராமல் இறக்கலாம். மெட்ஃபார்மினும் லினெசோலிடும் சேரும்போது வாந்தி, மூச்சு வாங்குதல், ஓயாத அசதி என்றால் லாக்டேட் அளவைப் பாருங்கள். பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து, வயிற்றுப் புண் மருந்து எல்லாம் லெவோஃப்ளாக்சசினைக் கட்டிப்போடும். 2 மணி நேர இடைவெளி. பற்பமும் செந்தூரமும் எடுப்பவர்கள் மறைக்காமல் சொல்லவேண்டும், அவற்றிலும் உலோகம்தான்.

#10 ஈசூன் செவிலி

மருந்து கொடுக்கும் மேசையிலிருந்து. இங்கே செவிலியர் முன்னிலையில் விழுங்கும் முறை 1997ல் தொடங்கிய தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் அடித்தளம். எம்டிஆர் என்றால் அதில் சலுகையே இருக்கக்கூடாது.

பெடாகுவிலின் முதல் 2 வாரம் தினமும் 400 மி.கி., அதன்பின் வாரம் 3 நாள் 200 மி.கி. சாப்பிட்டவுடன் விழுங்கினால் வெறும் வயிற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உடலில் சேரும். காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டு வருபவர்களிடம் ஒரு தோசையாவது சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறோம். முதல் 2 வாரத்தில் ஒரு நாள் தவறினால் ஈடுகட்ட வேண்டாம், அடுத்த நாளிலிருந்து தொடரலாம். மூன்றாம் வாரத்திலிருந்து தவறினால் கூடிய சீக்கிரம் விழுங்கவேண்டும், ஆனால் இரண்டு வேளைக்கு நடுவே 24 மணி நேரம் இருக்கவேண்டும், 7 நாளில் மொத்தம் 600 மி.கி.யைத் தாண்டக்கூடாது.

பாதியில் ஓடிவிட்டால் வரும் ஆபத்தை மக்கள் அறிவதில்லை. மற்ற மருந்துகளில் பெரும்பாலானவை ஒரு சில நாளில் வெளியேறிவிடும். பெடாகுவிலின் பல மாதங்கள் உடலில் கசிந்துகொண்டே இருக்கும். துணை மருந்து இல்லாமல் அது ஒன்றே கிருமியோடு தனியாக நிற்கும்போது எதிர்ப்பு பிறக்கிறது.

ஈசிஜி தொடங்கும் முன், இரண்டாம் வாரம், பிறகு மாதந்தோறும். அதில் தெரியும் கியூடிசி என்ற இதயத் துடிப்பு இடைவெளி 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் அன்றே மருத்துவருக்குத் தகவல், மருந்து நிற்கும். வாந்தி பேதி வந்த வாரத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்திருக்கும், அதைச் சரி செய்யாமல் ஈசிஜியை மட்டும் பார்த்துப் பயனில்லை. குமட்டலுக்கு எழுதும் ஆன்டான்செட்ரானும் டாம்பெரிடோனும் கியூடிசியை நீட்டும். கண் அட்டை, நிற அட்டை இரண்டும் மாதந்தோறும், ஒவ்வொரு கண்ணாக.

குளோஃபாசிமின் தோலைக் கறுப்பாக்கும். நம் நிறத்தில் அது இன்னும் கறுத்துத் தெரியும், கல்யாண வயதுப் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நிறுத்தியபின் மாதக் கணக்கில் மெல்ல மங்கும். சொல்லாமல் விட்டால் மாத்திரையை மறைவாகத் துப்பத் தொடங்குவார்கள். சைக்ளோசெரின் எடுப்பவரின் தூக்கம், கோபம், பேச்சு மாறுகிறதா என்று வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். 'கொஞ்ச நாளா அவர் அவராவே இல்ல' என்று ஒரு மனைவி சொன்னால் அதை அன்றே பதிவு செய்கிறோம்.

#11 தண்டுவடம்

முதுகெலும்புக்கு அறுவை எல்லோருக்கும் இல்லை. கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு போவது, எலும்பு நொறுங்கி நிலை தவறுவது, கூன் வேகமாகக் கூடுவது, மருந்து சரியாக இருந்தும் மோசமாவது. இவை இல்லாவிட்டால் மருந்தும் இடுப்புப் பட்டையும் போதும். அறுவை செய்தாலும் மருந்துக் காலம் குறையாது. எடுக்கும் சதையை உப்புநீரிலும் அனுப்பவேண்டும் என்று ஆய்வக மேசை சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

கதிரின் இரண்டாவது கேள்விக்கு: எம்ஆர்ஐ நோயாளியைவிட மெதுவாக நடக்கும். முதல் சில மாதங்களில் வலி குறைந்து எடை கூடியிருக்கும்போதே படத்தில் சிதைவு அதிகமாகத் தெரியலாம். அதைப் பார்த்து மருந்தை மாற்றிவிடாதீர்கள். வலி, எடை, நடை, சிஆர்பி (இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) எல்லாம் ஒரே திசையில் போகின்றனவா என்று பாருங்கள். முடிவில் எடுக்கும் எம்ஆர்ஐயிலும் கொஞ்சம் மினுமினுப்பு மிஞ்சியிருக்கும், அது உயிருள்ள நோய் என்று பொருளில்லை.

#12 நெறிகட்டி

கழுத்துக் கட்டியிலும் அதே சிக்கல். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் கட்டி பெரிதாகும், புதிதாக இன்னொன்று முளைக்கும், உடைந்து சீழ் வடியும். கிருமி சாகும்போது உடலின் எதிர்வினை அது. வழக்கமான டிபியில் அதைத் தைரியமாகச் சொல்லலாம். எம்டிஆரில் மருந்து தோற்றுவிட்டதோ என்ற சந்தேகம் கூடவே வரும். ஊகிக்காமல் ஊசியில் உறிஞ்சி வளர்ப்புக்கு அனுப்புங்கள். நுண்ணோக்கியில் கிருமி தெரிந்தும் வளர்ப்பில் வரவில்லை என்றால் அவை பெரும்பாலும் செத்த கிருமிகள். வளர்ந்தால் மருந்துச் சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்யவேண்டும். அதுவரை ஒற்றை மருந்தை மட்டும் புதிதாகச் சேர்க்காதீர்கள். கட்டியைக் கீறி விடவும் வேண்டாம், ஆறாத புரையாகிவிடும்.

#13 தெம்பனிஸ் கதிர்

எல்லோருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று மிச்சம். முதுகெலும்பில் எம்டிஆர் என்றதும் தட்டையும் படுக்கையையும் பிரித்துவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகளை அண்டவிடுவதில்லை.

#14 ஈசூன் செவிலி

தட்டு, துணி, தொடுதல் எதனாலும் டிபி பரவாது. எலும்பிலோ நெறியிலோ மட்டும் இருக்கும் நோய் இருமலில் வெளியே வராது. ஆனால் 'மட்டும்' என்பதை உறுதி செய்யவேண்டும்: மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் ஒவ்வொருவருக்கும், இருமல் இல்லாவிட்டாலும். கூடவே எச்ஐவி, எச்பிஏ1சி (நீரிழிவுக்கான இரத்தப் பரிசோதனை). வடியும் சீழ்ப் புண் இருந்தால் மூடியே வைக்கவேண்டும். அதைக் கழுவிச் சுத்தம் செய்வது மருத்துவமனையில், என்95 முகக்கவசத்தோடு. எக்ஸ்ரேயும் சளியும் சுத்தமாக வந்துவிட்டால் தாத்தா பேரனை மடியில் உட்காரவைத்துக்கொள்ளலாம். முதுகு தாங்கினால்.